பி12 வலைப்பின்னலில் இன்ட்ரின்சிக் ஃபேக்டருக்கு 287-வது இடம்: எங்கே தவறினேன்?

பேட்டைப் பேத்தி எழுதியது

எல்லாருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. உயிர்தகவலியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீடு திருநெல்வேலிப் பேட்டையில். வைட்டமின் பி12 வாயில் தொடங்கி செல்லுக்குள் போய்ச் சேரும் வழியைப் புரத வலைப்பின்னல் (எந்தப் புரதம் எதோடு தொடர்புள்ளது என்று கோடு போட்டுக் காட்டும் படம்) வைத்துப் பார்க்க வேண்டும் என்று ப்ராஜெக்ட் தலைப்பை நானே கேட்டு வாங்கினேன். காரணம் எங்கள் ஆச்சி.

ஆச்சிக்கு 74 வயது. சைவச் சாப்பாடு, முட்டைகூடத் தொட்டதில்லை. பாலும் சேராது, கடுங்காப்பிதான். பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாள். இரண்டு வருடம் முன்னால் உள்ளங்கால் எரிகிறது என்று ராத்திரி எழுந்து, பின்கட்டில் ஒரு வாளித் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நாக்கு சிவந்து வழவழவென்று ஆகிவிட்டது. காரமே இல்லாத சொதிகூட எரிகிறது என்றாள். முதலில் காட்டிய இடத்தில் ரத்தசோகை என்று இரும்பு மாத்திரையும் ஃபோலிக் அமில மாத்திரையும் கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 8.6-இலிருந்து 11-க்கு வந்தது. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் கால் மட்டும் மோசமாகிக்கொண்டே போனது. நெல்லையப்பர் கோவில் பிரகாரத்தை யார் துணையும் இல்லாமல் சுற்றி வருகிறவள் தூணுக்குத் தூண் பிடித்து நடந்தாள். இருட்டில் கால் எங்கே படுகிறது என்றே தெரியவில்லை என்றாள். அப்புறம் பார்த்த வேறொரு டாக்டர்தான் ரத்தத்தில் பி12 அளவு பார்க்கச் சொன்னார். 118 இருந்தது. 200-க்கு மேல் இருக்க வேண்டுமாம். இப்போது ஊசி போட்டு வருகிறோம், நாக்கு சரியாகிவிட்டது, கால் கொஞ்சம் தேவலை.

இனி என் கேள்விக்கு வருகிறேன். ஜீன்கார்ட்ஸ் என்ற மரபணுத் தகவல் தளத்தில் பி12 குறைபாடு என்று தேடி 412 மரபணுக்களை எடுத்தேன். புரதங்களுக்கு இடையிலான தொடர்புகளைத் தொகுத்து வைத்திருக்கும் ஸ்ட்ரிங் தரவுத்தளத்தில் மனிதனைத் தேர்ந்தெடுத்து, 0.4 மதிப்பெண்ணில் வலைப்பின்னல் எடுத்து, வலைப்பின்னல் வரையும் மென்பொருளான சைட்டோஸ்கேப்பில் போட்டு, எந்தப் புரதத்துக்கு இணைப்பு அதிகம் என்று வரிசைப்படுத்தினேன். முதல் பத்தில் ஆல்புமின், இன்சுலின், இன்டர்லூகின்-6, டிஎன்எஃப், பி53, ஏகேடி1 எல்லாம் வந்தன. பி12-ஐக் கையில் பிடித்துச் சிறுகுடலுக்குக் கொண்டுபோகிற இன்ட்ரின்சிக் ஃபேக்டர் 287-வது இடத்தில் இருக்கிறது. குடல் சுவரில் அந்தப் பி12-ஐ வாங்கிக்கொள்ள உதவும் ஆம்னியன்லெஸ் என்ற புரதம் முந்நூறுக்கும் கீழே.

முதல் பத்தையும் 'முக்கியப் புரதங்கள்' என்று எழுதி, முருங்கைக் கீரையில் உள்ள சேர்மங்களை அவற்றோடு டாக்கிங் (ஒட்டுமா என்று கணினியிலேயே பொருத்திப் பார்ப்பது) செய்துவிடு, கட்டுரையாகிவிடும் என்கிறார் கைடு. எனக்கு மனசு ஒப்பவில்லை. நான் கணக்கில் தவறு செய்தேனா? இல்லை, இன்ட்ரின்சிக் ஃபேக்டர் உண்மையிலேயே முக்கியமில்லாததா?

கல்லிடை அண்ணாச்சி எழுதியது

தங்கச்சி, கணக்கு சரிதான். நீ கேட்டது ஒன்று, அந்த வலைப்பின்னல் பதில் சொன்னது வேறொன்று. பதினான்கு வருடமாக இதே வேலை பார்க்கிறேன். உன்னைப் போல நானும் முதல் வருடம் ஒரு பட்டியலைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த 412-ஐப் பார். அந்த மாதிரித் தேடல், நோயின் பெயரோடு எங்காவது சேர்ந்து பேசப்பட்ட மரபணுக்களையெல்லாம் அள்ளிக்கொண்டு வரும். பி12 குறைந்தவர்களுக்குச் சர்க்கரை இருந்தது, அழற்சி இருந்தது என்று கட்டுரைகள் இருக்கும். இன்சுலினும் டிஎன்எஃப்பும் அப்படி உள்ளே வந்தவை. நீ பி12-க்குப் பதில் மூட்டுவலி என்று போட்டிருந்தாலும் இதே பத்துப் பெயர்தான் கிட்டத்தட்ட வந்திருக்கும். சந்தேகமாக இருந்தால் போட்டுப் பார், அரை மணி நேர வேலை. என்னிடம் வருகிற மாணவர்களை முதல் நாளே இதைச் செய்யச் சொல்வேன்.

அடுத்து அந்த 0.4. நிறையப் பேர் அதைப் புரதங்கள் எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகின்றன என்பதன் அளவு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது அப்படி இல்லை. இந்த இரண்டுக்கும் ஏதோ ஒரு தொடர்பு உண்டு என்று சொல்ல எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்பதுதான் அந்த எண். அந்த நம்பிக்கை பல வழியில் வருகிறது: ஆய்வகச் சோதனை, சேர்ந்தே வெளிப்படும் மரபணுக்கள், பிற தரவுத்தளங்கள், அப்புறம் கட்டுரைகளில் இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் வருவது. கடைசியில் சொன்னதை மட்டும் அணைத்துவிட்டு, 'உடல்ரீதியாக ஒட்டுபவை' என்ற வகையைத் தேர்ந்தெடுத்து, 0.7-இல் மறுபடி எடு. உன் படத்தில் பாதிக்கு மேல் கோடுகள் உதிர்ந்துவிடும் என்று நினைக்கிறேன். மீதி இருப்பதைத்தான் நம்பிப் பேச முடியும்.

இன்னொரு விஷயம், இதைப் பலர் கண்டுகொள்வதில்லை. பி53-க்கு அத்தனை கோடுகள் இருப்பதற்கு ஒரு காரணம், மனித மரபணுக்களிலேயே அதிகம் ஆராயப்பட்டது அதுதான். தேடிய இடத்தில் கிடைக்கிறது. ஆம்னியன்லெஸைத் தேடுகிற கூட்டம் சின்னது, அதனால் கோடும் குறைவு. கோட்டை எண்ணும்போது உயிரியலோடு சேர்த்து ஆராய்ச்சியாளர்களின் ஆர்வத்தையும் எண்ணுகிறோம்.

சரி, இன்ட்ரின்சிக் ஃபேக்டருக்கு வருகிறேன். ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி எத்தனை தெரு, எத்தனை சந்து. சுலோசன முதலியார் பாலத்துக்கு இரண்டே முனை, அந்தப் பக்கம் பாளையங்கோட்டை, இந்தப் பக்கம் திருநெல்வேலி. தெருக்களை எண்ணினால் பாலம் பட்டியலின் அடியில்தான் இருக்கும். ஆனால் 1843-இல் அதைக் கட்டுவதற்கு முன் ஆற்றில் வெள்ளம் வந்தால் இரண்டு ஊரும் தனித்தனி. உன் இன்ட்ரின்சிக் ஃபேக்டர் பாலம். இரைப்பைச் சுவர் செல்கள் அதைச் சுரக்கின்றன, அது பி12-ஐப் பிடிக்கிறது, சிறுகுடலின் கடைசிப் பகுதியில் க்யூபிலின் என்ற ஏற்பிப் புரதத்திடம் ஒப்படைக்கிறது. வேறு வேலை அதற்கு இல்லை. வேறு வேலை இல்லாததால்தான் கோடுகளும் இல்லை.

'ஹப்பை, அதாவது இணைப்பு அதிகமுள்ளதைப் பார்க்காமல், பிட்வீன்னஸ், அதாவது எத்தனை குறுக்குவழிகள் ஒரு புரதத்தின் வழியாகப் போகின்றன என்று பார்த்தால் போதுமே' என்று யாராவது சொல்வார்கள். இந்தப் படத்தில் அதுவும் உதவாது. ஆல்புமின் எல்லாரோடும் கைகோத்துக்கொண்டு நிற்பதால், எந்த இரண்டு புரதத்துக்கும் நடுவில் குறுக்குவழி அதன் வழியாகவே போகும். நிஜத்தில் பி12 அந்தக் குறுக்குவழியில் போவதில்லை.

முடிந்தால் இன்னொரு சோதனையும் செய். 412 மரபணுக்களை ஏதோ குருட்டாம்போக்கில் எடு, ஆனால் இணைப்பு எண்ணிக்கை உன் பட்டியலைப் போலவே இருக்கும்படி பார்த்துக்கொள். இப்படி ஆயிரம் தடவை. உன் பட்டியலில் வந்த முதல் பத்து அவற்றிலும் வந்தால், அதற்கும் பி12-க்கும் சம்பந்தமில்லை என்று உன் கைடிடம் காகிதத்தில் காட்டலாம். வாதாட வேண்டியிருக்காது.

டாக்கிங் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம்.

பாளை வாத்தியார் எழுதியது

மகளே, முப்பது வருடம் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். கம்ப்யூட்டர் விஷயம் எனக்கு அவ்வளவாக வராது. உன் கேள்வியைப் படித்ததும் ஒன்றுதான் தோன்றியது. உன் படத்தில் 412 புரதம் இருக்கிறது, பி12 எங்கே இருக்கிறது?

வைட்டமின் புரதம் இல்லை. புரதத்துக்கும் புரதத்துக்கும் கோடு போடுகிற படத்தில் அது வரவே வராது. இன்ட்ரின்சிக் ஃபேக்டரையும் ஹாப்டோகோரினையும் இணைப்பது பி12. ஒன்று கைவிட்டதை இன்னொன்று வாங்கிக்கொள்கிறது. அந்த இரண்டு புரதமும் ஒன்றையொன்று தொட வேண்டிய அவசியமே இல்லை. எச்சிலிலிருந்து வருகிற ஹாப்டோகோரின் இரைப்பையின் அமிலத்தில் பி12-ஐப் பிடித்துக் காக்கிறது. முன்சிறுகுடலில் கணைய நொதிகள் ஹாப்டோகோரினை அரித்துத் தின்றுவிடுகின்றன. அப்போது விடுபட்ட பி12-ஐ இன்ட்ரின்சிக் ஃபேக்டர் பிடிக்கிறது. இந்த ஒப்படைப்பைப் புரதக் கோடுகளால் எப்படி வரைவாய்? பி12-ஐயே ஒரு முடிச்சாக உள்ளே வைக்க வேண்டும். சின்ன மூலக்கூறுகளையும் சேர்த்துக் காட்டும் ஸ்டிட்ச் என்ற தரவுத்தளம் உண்டு, ஸ்ட்ரிங் செய்தவர்களின் கைவேலைதான் அதுவும்.

சோதனை முறையையும் தெரிந்துகொள். புரதங்கள் ஒட்டுகின்றனவா என்று பெருமளவில் பார்க்கிற முறைகளில் ஈஸ்ட் டூ-ஹைப்ரிட் ஒன்று, 1989-இல் வந்தது. 2020-இல் நேச்சர் இதழில் வந்த மனிதப் புரத வரைபடத்தின் ஏறக்குறைய ஐம்பத்து மூவாயிரம் இணைப்புகள் அந்த முறையில் எடுத்தவை. அந்தச் சோதனை நடப்பது ஈஸ்ட் செல்லின் உட்கருவுக்குள். உன் புரதங்களோ செல்லுக்கு வெளியே சுரக்கிறவை, சர்க்கரைச் சங்கிலி ஒட்டியவை, சவ்வில் குத்திட்டு நிற்கிறவை. க்யூபிலினையே எடுத்துக்கொள், 3,600-க்கும் மேல் அமினோ அமிலம், 27 க்யூப் பகுதிகள் கோத்த மாலை. அதை ஈஸ்ட்டின் உட்கருவுக்குள் எப்படி மடித்து வைப்பது? வராது. இன்ட்ரின்சிக் ஃபேக்டர் அந்த மாலையின் 5 முதல் 8 வரையுள்ள பகுதிகளில் எப்படிப் போய் உட்காருகிறது என்பது துல்லியமாகத் தெரியவந்தது 2010-இல், படிகம் வளர்த்து எக்ஸ்ரேயில் பார்த்துத்தான். அந்தப் பிடிப்புக்குக் கால்சியம் வேண்டும் என்பதும் நன்றாகத் தெரிந்த விஷயம். ஒரு புரதத்தின் கதையை அறிய ஒரு குழு பல வருடம் உட்கார வேண்டியிருக்கிறது. வரைபடத்தில் கோடு குறைந்திருப்பதால் அந்தப் புரதத்தைச் சின்னது என்று நினைத்துவிடாதே.

ஒரு சின்ன எச்சரிக்கை. இன்ட்ரின்சிக் ஃபேக்டரின் மரபணுவுக்குப் பெயர் மாற்றிவிட்டார்கள், முன்பு ஜிஐஎஃப், இப்போது சிபிஎல்ஐஎஃப். பழைய கட்டுரைகளைப் பழைய பெயரிலும் தேடு.

தென்காசிச் சாரல் எழுதியது

நான் பொது மருத்துவம் பார்க்கிறவள். நெட்வொர்க் எனக்கு அந்நியம், ஆனால் உங்கள் ஆச்சியைப் போன்றவர்களை வாரத்துக்கு இரண்டு பேராவது பார்க்கிறேன். இதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை அம்மா.

ஃபோலிக் அமிலம் கொடுத்ததும் ரத்தம் ஏறியது, கால் கெட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, அதன் விடை உங்கள் வலைப்பின்னலுக்குள்தான் இருக்கிறது. மனித உடம்பில் பி12 வேண்டிய நொதிகள் இரண்டே இரண்டு. ஒன்று செல்லின் சைட்டோபிளாசத்தில், மெத்தியோனின் சிந்தேஸ். இன்னொன்று மைட்டோகாண்ட்ரியாவில், மெத்தில்மலோனைல் கோஏ மியூட்டேஸ். முதல் நொதியில்தான் பி12-உம் ஃபோலேட்டும் (ஃபோலிக் அமிலம் இந்த வகைதான்) சந்திக்கின்றன. பி12 இல்லாவிட்டால் ஃபோலேட் ஒரே வடிவத்தில் மாட்டிக்கொள்கிறது, அதற்கு 'ஃபோலேட் பொறி' என்றே பெயர். வெளியிலிருந்து ஃபோலிக் அமிலத்தைக் கொட்டினால் ரத்த அணுக்கள் எப்படியோ சமாளித்துக்கொள்ளும், ஹீமோகுளோபின் ஏறும். நரம்புக்கு அது உதவாது. ரத்தசோகை என்ற அறிகுறியையும் மறைத்துவிடுவதால் காலம் கடந்துபோகிறது. வயதானவர்களுக்கு, அதுவும் சைவமாக இருந்து மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு, ஃபோலிக் அமிலம் எழுதும் முன் பி12 பார்த்தே ஆக வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

மெட்ஃபார்மின் பற்றி: வாத்தியார் சொன்ன அந்தக் கால்சியம் பிடிப்பில்தான் அது குறுக்கிடுகிறது என்பது பரவலான கருத்து. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-இல் பி12 குறைவதை அந்த மாத்திரையின் பொதுவான பக்கவிளைவு என்றே அறிவித்தது. அதற்காக ஆச்சியின் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நல்ல மருந்து அது. பி12-ஐ அவ்வப்போது பார்த்து, குறைந்தால் ஈடு செய்தால் போதும்.

அப்புறம், ஊசி ஏன் வேலை செய்கிறது என்பதையும் உங்கள் படத்தில் குறியுங்கள். எச்சில், இரைப்பை, கணையம், சிறுகுடல் என்ற எல்லாப் படிகளையும் தாண்டி ரத்தத்தில் பி12-ஐச் செல்களுக்குச் சுமந்து செல்லும் டிரான்ஸ்கோபாலமின் என்ற புரதத்திடமே நேராகச் சேர்க்கிறது. 1,000 மைக்ரோகிராம் மாத்திரை பலருக்கு வேலை செய்வது வேறு காரணத்தால்: எந்தப் புரதத்தின் உதவியும் இல்லாமல் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு குடலில் தானாகவே ஊறி உள்ளே போகும். ஆயிரத்தில் அது பத்து. நாளொன்றுக்கு வேண்டியது இரண்டு மைக்ரோகிராமுக்குச் சற்று மேல். உங்கள் வலைப்பின்னலில் இந்தத் தனி வழிக்கு எந்தப் புரத முடிச்சும் இருக்காது, ஆனால் நோயாளிக்கு அது பெரிய வழி.

118 என்ற எண்ணையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ரத்தத்தில் உள்ள பி12-இல் பெரும்பகுதி ஹாப்டோகோரினோடு ஒட்டியிருக்கிறது. செல்கள் வாங்கிக்கொள்வது டிரான்ஸ்கோபாலமினோடு இருக்கிற சிறு பங்கை, ஐந்தில் ஒன்று அளவு. நாம் அளப்பது இரண்டையும் சேர்த்து. அதனால் எண் நன்றாக இருந்தும் செல்லுக்குப் பற்றாமல் போகலாம். சந்தேகம் வந்தால், பி12 பற்றாதபோது ரத்தத்தில் ஏறும் மெத்தில்மலோனிக் அமிலமும் ஹோமோசிஸ்டீனும் பார்ப்போம்.

ஆச்சிக்கு இன்ட்ரின்சிக் ஃபேக்டரே இல்லையா, இல்லை சாப்பாடும் மாத்திரையும்தான் காரணமா என்பது இன்னும் தெரியாது என்று நினைக்கிறேன். இன்ட்ரின்சிக் ஃபேக்டருக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். அடுத்த ஊசி போடும் முன்பே ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். ஊசி போட்ட உடனே எடுத்தால் சில முறைகளில் தப்பான முடிவு வரும்.

நாங்குநேரி நெல் எழுதியது

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பழைய சோற்றிலும் நீராகாரத்திலும் பி12 நிறைய இருக்கிறது என்று வாட்ஸப்பில் வருகிறதே? எங்கள் அம்மாவும் சைவம்தான்.

தென்காசிச் சாரல் எழுதியது

பழைய சோறு நல்ல சாப்பாடு, நானும் கோடையில் சாப்பிடுகிறேன். ஆனால் பி12-க்கு அதை நம்பாதீர்கள். பி12-ஐச் செய்வது பாக்டீரியா, ஆர்க்கியா போன்ற நுண்ணுயிர்கள் மட்டும்தான், அவற்றிலும் எல்லாம் செய்வதில்லை. செய்கிற சிலவும் நமக்குப் பயன்படாத போலி வடிவத்தைச் செய்யும், சுருள்பாசி மாத்திரையில் பெரும்பாலும் அதுதான். அம்மா பால், தயிர் சாப்பிடுவார்களா? சாப்பிட்டாலும் ஒருமுறை ரத்தம் பார்த்துவிடுங்கள்.

பேட்டைப் பேத்தி எழுதியது

மூன்று பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பத்து நாளாக இதே வேலையாக இருந்தேன்.

முதலில் அண்ணாச்சி சொன்னபடி மூட்டுவலி என்று தேடி அதே மாதிரி வலைப்பின்னல் எடுத்தேன். முதல் பத்தில் ஏழு பெயர் அப்படியே வந்தது. அதைப் பார்த்த அன்றே பழைய கோப்பை மூடி வைத்துவிட்டேன்.

பிறகு 412-ஐ விட்டுவிட்டு, உடம்பின் வேதிப்பாதைகளைத் தொகுத்த ரியாக்டோம் தளத்தில் பி12-இன் கடத்தலும் வளர்சிதைமாற்றமும் என்ற பாதையில் தொடங்கினேன். 19 புரதம் எடுத்துக்கொண்டேன். பி12-ஐ முடிச்சாக உள்ளே வைத்தேன். ஒரு முடிச்சு போதவில்லை. ஹாப்டோகோரினோடு இருக்கும் பி12, இன்ட்ரின்சிக் ஃபேக்டரோடு இருக்கும் பி12, செல்லின் செரிமானப் பையான லைசோசோமுக்குள் இருக்கும் பி12 என்று ஒவ்வொரு நிலைக்கும் ஒன்று வைத்தேன். கோடுகளுக்கு அம்புக்குறி போட்டேன். எந்த உறுப்பு என்பதை, எந்தப் புரதம் உடம்பில் எங்கே இருக்கிறது என்று காட்டும் ஹியூமன் புரோட்டீன் அட்லஸ் தளம் பார்த்து நிறம் கொடுத்தேன். இன்ட்ரின்சிக் ஃபேக்டர் இரைப்பையில் மட்டும் தனியாக நிறம் ஏறி நின்றது. க்யூபிலின் சிறுகுடலிலும் சிறுநீரகத்திலும் ஏறியது.

சிறுநீரகத்தில் அதற்கு என்ன வேலை என்று தேடினேன். வடிகட்டப்பட்டு வெளியேறப்போகிற வைட்டமின் டி-யை, அதைச் சுமக்கும் புரதத்தோடு சேர்த்து, க்யூபிலினும் மெகலின் என்ற இன்னொரு ஏற்பியும் பிடித்துத் திரும்ப உள்ளே இழுக்கின்றனவாம். க்யூபிலினோ ஆம்னியன்லெஸோ பழுதான குழந்தைகளுக்கு பி12 குறைவோடு சிறுநீரில் புரதமும் போகிறது, 1960-இல் நார்வேயிலும் பின்லாந்திலும் முதலில் விவரித்திருக்கிறார்கள். ஒரே கதவு குடலில் ஒரு வைட்டமினுக்கும் சிறுநீரகத்தில் இன்னொரு வைட்டமினுக்கும் திறக்கிறது. இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

அப்புறம் ஒவ்வொரு புரதமாக நீக்கிப் பார்த்தேன். எதை நீக்கினால் பி12 அந்த இரண்டு நொதிகளுக்கும் போய்ச் சேராமல் நிற்கிறது என்று கணக்கு. இன்ட்ரின்சிக் ஃபேக்டர், க்யூபிலின், ஆம்னியன்லெஸ், டிரான்ஸ்கோபாலமின் நான்கும் முழுசாக அடைத்தன. 287-வது இடத்தில் இருந்தது முதல் வரிசைக்கு வந்துவிட்டது. என் முறையில் ஹாப்டோகோரினும் அடைக்கும் என்று வந்தது. ஆனால் ஹாப்டோகோரின் பிறவியிலேயே இல்லாதவர்களைப் பற்றிப் படித்தால், அவர்கள் ரத்தத்தில் பி12 அளவு குறைவாக இருக்கிறது, பற்றாக்குறை நோய் இல்லை! டிரான்ஸ்கோபாலமின் இல்லாத குழந்தைகளுக்கோ ரத்த அளவு பெரும்பாலும் சரியாக இருந்தும் சில வாரங்களிலேயே கடுமையான நோய் வருகிறது. டாக்டர் அம்மா சொன்ன அந்த ஐந்தில் ஒரு பங்கு எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. செல்லின் வாசலில் நிற்கும் சிடி320 ஏற்பியும் இதே மாதிரிதான்: என் கணக்கு அடைக்கும் என்கிறது, அது பழுதானவர்கள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறார்கள்.

இந்த இரண்டு இடத்திலும் என் படத்தில் இல்லாத மாற்றுவழி உடம்பில் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? ஹாப்டோகோரின் இல்லாவிட்டால் உணவிலிருந்து விடுபட்ட பி12-ஐ இன்ட்ரின்சிக் ஃபேக்டரே நேரடியாகப் பிடிக்கும் என்று ஒரு அம்பு சேர்த்தேன். சிடி320-க்கு என்ன சேர்ப்பது என்று தெரியவில்லை, கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. 19 புரதத்தின் பாதையே எல்லாம் சொல்லிவிடுகிறது என்றால், அத்தனை பெரிய புரத வலைப்பின்னல் எதற்கு? என் தலைப்பிலேயே அந்த வார்த்தை இருக்கிறது, வைவாவில் கட்டாயம் கேட்பார்கள்.

கல்லிடை அண்ணாச்சி எழுதியது

ஹாப்டோகோரின் விஷயத்தை நீயாகக் கண்டுபிடித்தது எனக்கு ரொம்பச் சந்தோஷம். அந்தக் கேள்விக்குறியை அழிக்காதே, அப்படியே வைவாவுக்குக் கொண்டுபோ.

பெரிய வலைப்பின்னல் எதற்கு என்று கேட்டாய். பி12-ஐத் தொடவே தொடாத, ஆனால் பி12 இல்லாமல் செய்துவிடக்கூடிய புரதங்களைப் பிடிப்பதற்கு. நிஜத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

செல்லுக்குள் வந்த பி12-ஐ முதலில் வாங்கிப் பக்குவம் செய்கிற புரதம் எம்எம்ஏசிஹெச்சி. உன் 19-இல் அது இருக்கும். அது பழுதாவதுதான் செல்லுக்குள் நடக்கும் பிறவிப் பி12 கோளாறுகளில் அதிகம் காணப்படுவது, சிபிஎல்-சி என்பார்கள். ஹோமோசிஸ்டீன், மெத்தில்மலோனிக் அமிலம் இரண்டும் ஏறும். இதே மாதிரி ஏறின சில பையன்களுக்கு எம்எம்ஏசிஹெச்சி மரபணுவில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. பழுது எங்கே என்று 2013-இல் தெரிந்தது: ஹெச்சிஎஃப்சி1 என்ற புரதத்தில், எக்ஸ் குரோமோசோமில். அதற்கு வைட்டமினோடு எந்த வேலையும் இல்லை. மரபணுக்களை இயக்கிவிடுகிற கூட்டத்தில் ஒன்று, முதலில் அதைக் கண்டுபிடித்ததே ஹெர்பிஸ் வைரஸ் ஆராய்ச்சியில்தான். அது பழுதானதால் எம்எம்ஏசிஹெச்சி போதுமான அளவு உற்பத்தியாகவில்லை.

இதற்கு அப்புறம் நடந்ததுதான் உன் கேள்விக்குப் பதில். ஹெச்சிஎஃப்சி1-உம் சரியாக இருந்து, அதே நோய் இருந்தவர்கள் மிச்சம் இருந்தார்கள். அவர்களிடம் எதைத் தேடுவது? மரபணுக்கள் இருபதாயிரம். ஆனால் ஹெச்சிஎஃப்சி1 யாரோடு ஒட்டி வேலை செய்கிறது என்பது ஏற்கனவே தெரியும், தேப்11-உம் இசட்என்எஃப்143-உம் அதன் கூட்டாளிகள். 2016-இல் ஒரு நோயாளியிடம் இசட்என்எஃப்143 பழுதாக இருந்தது, 2017-இல் இன்னொருவரிடம் தேப்11. அந்த நோயாளிகளுக்காகத் தேடிய விடை, புரதத்துக்கும் புரதத்துக்கும் நடுவில் இருந்த கோட்டில் இருந்தது.

அதனால் உன் 19-ஐ உள்வட்டமாக வை. அவற்றோடு உடல்ரீதியாக ஒட்டுபவை, அவற்றின் மரபணுக்களை இயக்குபவை ஆகியவற்றை வெளிவட்டமாகப் போடு. வெளிவட்டத்தில் வருகிற ஒவ்வொரு கோட்டுக்கும் எந்தச் சோதனையில் கிடைத்தது என்று எழுது. இருபது கோடுதான் மிஞ்சுகிறது என்றாலும் பரவாயில்லை. நம்ம பெங்களூரில் 2003-இல் ஹெச்பிஆர்டி என்ற மனிதப் புரதத் தரவுத்தளத்தைத் தொடங்கினார்கள், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸோடு சேர்ந்து. கட்டுரை கட்டுரையாக ஆட்கள் உட்கார்ந்து படித்து ஒவ்வொரு இணைப்பாகக் குறித்தார்கள். நான் வேலை கற்றுக்கொண்டது அதைப் பார்த்துத்தான். இப்போது அது புதுப்பிக்கப்படுவதில்லை, ஆனால் அந்தப் பொறுமையை நீ எடுத்துக்கொள்.

பாளை வாத்தியார் எழுதியது

படம் முடிந்ததும் இங்கே போடு மகளே. க்யூபிலினிலிருந்து வைட்டமின் டி-க்குப் போகிற அம்பை மறக்காமல் வரை.

பேட்டைப் பேத்தி எழுதியது

வரைந்துவிட்டேன் ஐயா. வெளிவட்டத்தில் கடைசியாக 23 கோடு நின்றது, ஒவ்வொன்றுக்கும் சோதனை முறை எழுதியாயிற்று. ஹெச்சிஎஃப்சி1, தேப்11, இசட்என்எஃப்143 மூன்றும் சேர்ந்தே இருக்கின்றன.

கைடிடம் ஆயிரம் தடவைக் கணக்கையும் மூட்டுவலிப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். டாக்கிங் வேண்டாம், நீக்கிப் பார்த்த அட்டவணையை முதல் அத்தியாயத்தில் கொண்டுவா என்று சொல்லிவிட்டார். ஹாப்டோகோரின் தவறாக வந்ததையும் மறைக்காமல் எழுதச் சொன்னார்.

ஆச்சியிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, 'இதுல எந்த எடத்துலட்டீ எனக்கு அடைச்சிருக்கு?' என்று கேட்டாள். இரைப்பையையும் சிறுகுடலையும் தொட்டுக் காட்டி, இரண்டில் எது என்று இனிமேல்தான் தெரியும் என்றேன். வருகிற 14-ஆம் தேதி ஊசி. அதற்கு முன்னால் ஆன்டிபாடி சோதனைக்கு ரத்தம் எடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறோம், டாக்டரும் சரி என்றிருக்கிறார். முடிவு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.